படத்தின் ஓரத்தில் இத்தோ

அந்த இலையுதிர்கால விடுமுறையில், முதல் இரண்டு நாளிலேயே மோஹா எழுநூறு படம் எடுத்துத் தள்ளிவிட்டான். சிவந்து நின்ற செர்ரித் தோட்டங்களை எடுத்தான். ஓடைக்கரையில் மஞ்சளாகிப் போயிருந்த பாப்லர் மரங்களை எடுத்தான். கௌதாரி, மரங்கொத்தி, பனியில் நனைந்த சிலந்தி வலை என்று எதையும் விடவில்லை. மனைவி ரக்கியா ஒரு படத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். இரண்டரை வயது மகள் ரீம் இன்னொன்றில் மூக்கு ஒழுக நின்றாள். தங்கை யாம்னா, என்னை எடுக்காதே என்று கையை நீட்டியபடியே பத்துப் படங்களில் இருந்தாள். கூட வந்திருந்த தம்பி அஸ்ஸு மட்டும் ஒன்றில்கூட இல்லை. தம்பி மனைவி நஜாத்தும் இல்லை, அவர்கள் குழந்தையும் இல்லை. ஒரே வீட்டில் ஏழு பேர் இருக்கும்போது மூன்று பேரை மட்டும் விலக்கி விலக்கிப் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. மோஹா அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்துகொண்டிருந்தான்.

அண்ணன் தம்பி பேச்சு நின்று இரண்டரை வருடம் ஆகியிருந்தது. காரணம் வீடு வாசல் இல்லை, நிலம் நீச்சு இல்லை. ஒரு பெயர்.

அவர்களுடைய அம்மாவின் பெயர் இத்தோ. அவள் இறந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, "அம்மா பேரு என் வீட்டுக்கு," என்று மோஹா சொல்லியிருந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து ரக்கியா அப்போதுதான் மூன்று மாதம். பெண்ணாகத்தான் பிறக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, ஆனால் அவன் உறுதியாக இருந்தான். நஜாத் அப்போது ஐந்து மாதம் என்பதை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அவளுக்குத்தான் முதலில் பிறந்தது. அதுவும் பெண்.

ஏழாம் நாள் ஆட்டைக் கிடத்திக் கத்தி வைக்கும்போது குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டும். கத்தியோடு சொன்ன பெயர் சொன்னதுதான், அதைத் திரும்ப எடுக்க முடியாது. அஸ்ஸு ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல், "பிஸ்மில்லா, இத்தோ," என்றான். மோஹா கையிலிருந்த டீ கிளாஸைத் தரையில் வைத்தான், செருப்பை மாட்டினான், வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு மாதம் கழித்துத் தன் மகளுக்கு ரீம் என்று பெயர் வைத்தான். ஒரே பெயரில் இரண்டு பேத்திகள் இருக்கிற வீடு எத்தனையோ உண்டு என்று யாம்னா சொல்லிப் பார்த்தாள். "அடுத்தவன் வச்சது போக மிச்சத்தை என் பிள்ளைக்கு வைக்க மாட்டேன்," என்று முடித்துவிட்டான்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் யாம்னாதான் தபால். பெருநாள் வாழ்த்துக்கூட அவள் வழியாகத்தான் போகும்.

இப்போது அஸ்ஸு குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறான். நவம்பர் பத்தொன்பதாம் தேதி விமானம். மொன்ட்ரியாலில் வேலை, வீடு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. திரும்பி எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் யாம்னா பள்ளி விடுமுறையில் நான்கு நாளைக்கு மலைக்காட்டு ஊரான அயின் லூஹ் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பேரிடமும் மற்றவன் வருவதைச் சொல்லாமல், மெக்னெஸ் நகரத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். வந்து இறங்கியதும் ஒரே ஒரு சட்டம் போட்டாள். "இந்த நாலு நாளும் இந்த வீட்டுக்குள்ள அந்தப் பேரை யாரும் எடுக்கக் கூடாது. ரெண்டு பிள்ளைக்கும் பேர் குட்டிதான்." எல்லாரும் கட்டுப்பட்டார்கள். அஸ்ஸு இன்னும் ஒரு படி மேலே போய், அண்ணன் காதில் விழும்படி மகளை எப்படியுமே கூப்பிடாமல் இருந்தான்.

மோஹாவுக்கும் பேச ஆசை இல்லாமல் இல்லை. அதுதான் வேடிக்கை. படுத்தால் தூக்கம் வரவில்லை. பத்தொன்பதாம் தேதி, பத்தொன்பதாம் தேதி என்று உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் முதல் வார்த்தையை யார் எடுப்பது? அவன் பெரியவன். ஏமாற்றப்பட்டவனும் அவன்தான். இரண்டு காரணமும் சேர்ந்து வாயை அடைத்துக்கொண்டன. வாய் திறக்காமல் இருக்கக் கேமராதான் வசதி. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் வைத்துவிட்டால் உன்னிடம் யார் வந்து என்ன பேச முடியும்?

இரண்டாம் நாள் சாப்பாட்டின்போது, ஆட்டுக்கறியும் சீமைமாதுளைப் பழமும் சேர்த்து வேகவைத்த குழம்பு நடுவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மோஹா, "யாம்னா, அந்த உப்பைத் தரச் சொல்லு," என்றான். உப்பு அஸ்ஸுவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அஸ்ஸு, "அக்கா, இந்தா, குடுத்துரு," என்று நீட்டினான். உப்பு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்தது. இரண்டு குட்டிகளும் மேஜைக்கு அடியில் ஒரே ரொட்டியை மாறி மாறிக் கடித்துக்கொண்டிருந்தன.

மோஹா பள்ளிக்கூடத்தில் இயற்கை அறிவியல் வாத்தியார். இப்படி ஒரு அமைதி வந்தால் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவான். "இங்க இருக்கிற குரங்குகள்ல ஒரு விஷயம் உண்டு," என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். "ரெண்டு ஆண் குரங்கு முறைச்சுக்கிட்டு இருக்கும். கிட்டப் போனா கடி விழும். அப்ப ஒண்ணு என்ன பண்ணும்னா, எங்கிருந்தாவது ஒரு குட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் அடுத்ததுக்கு முன்னால வைக்கும். ரெண்டும் குட்டியைப் பார்த்துப் பல்லைக் கிடுகிடுன்னு ஆட்டும். அவ்வளவுதான், சண்டை போச்சு, பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துக்கும். அந்தப் படம் மட்டும் எனக்கு இன்னும் சிக்கல."

ரக்கியா கரண்டியைக் கீழே வைத்தாள். "இதை உங்க வாயாலயே சொல்றீங்களே, கொஞ்சமாவது உறைக்குதா?"

மோஹா லென்ஸைத் துடைக்க எழுந்து போனான். ராத்திரி அறைக்குள் வந்ததும் அவள் விடவில்லை. "அவன் பிளேன் ஏறுற வரைக்கும் முறைப்பா இருப்பீங்க. ஏறின பிறகு சமையல்கட்டுல வந்து நின்னுக்கிட்டு மூக்கைச் சிந்துவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை. அப்ப எங்கிட்ட வராதீங்க, சொல்லிட்டேன்."

மூன்றாம் நாள் காலையில் எல்லாரும் தேவதாருக் காட்டுக்குப் போனார்கள். காரில் பத்து நிமிடம். மூடுபனி விலக ஒன்பது மணி ஆயிற்று. விலகியதும் காடு பளிச்சென்று தெரிந்தது. தேவதாரு மரங்கள் எப்போதும் போலக் கரும்பச்சையாக நிற்க, நடுநடுவே ஓக் மரங்கள் மஞ்சளாக இருந்தன. கீழே பெரணிச் செடிகள் இடுப்பளவுக்குத் துருப்பிடித்த நிறத்தில் காய்ந்து கிடந்தன. மோஹாவுக்குக் கை பரபரத்தது. யாம்னா ஒரு ஓக் மரத்தடியில் பாயை விரித்து, சின்ன காஸ் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். குளிருக்கு டீயில் போட மாசிபத்திரி இலையும் கொண்டுவந்திருந்தாள். மோஹா முப்பது அடி தள்ளி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி, கேமரா முக்காலியை ஊன்றினான்.

குரங்குகள் ஓக் கொட்டை பொறுக்க வந்திருந்தன, பதினைந்து இருபது இருக்கும். ஒரு பெரிய கடுவன் ஆறு மாதக் குட்டி ஒன்றை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு சரிவில் மெதுவாக நடந்தது. எதிரே பாறைமேல் இன்னொரு கடுவன். மோஹா மூச்சை இழுத்துப் பிடித்தான். மூன்று வருடமாக அவன் காத்திருந்த படம் இதுதான்.

அப்போது யாரோ அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, சின்னக் கை. ரீம் தான் என்று நினைத்தான். அப்படி நினைத்ததாகப் பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். ஆனால் ரீம் இழுத்தால் கூடவே அழுவாள், இந்தக் கை அழவில்லை. அது அவனுக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் கண்ணை எடுக்கவில்லை.

"உஷ், சத்தம் போடாதே," என்றான் கேமராவுக்குள்ளேயே. "சத்தம் போட்டா குரங்கு ஓடிடும். போ, அந்தப் பக்கம் போ."

கை போய்விட்டது. கடுவன்கள் இரண்டும் கிட்ட வந்தன. மோஹா விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். பல்லைக் காட்டும் இடத்தில் ஒரு கிளை குறுக்கே வந்து காரியத்தைக் கெடுத்தது. முக்காலியை நகர்த்தினான், திட்டினான், மறுபடி எடுத்தான். குரங்குக் கூட்டம் மேலே ஏறிப் பெரணிக்குள் மறைந்தது.

அரை மணி நேரம் கழித்து நஜாத்தின் குரல் கேட்டது. "குட்டி எங்க? அக்கா, குட்டி உங்ககிட்ட இல்ல?"

"எங்கிட்ட ஏது? அஸ்ஸுகூடக் கார் பக்கம் போனாளே," என்றாள் யாம்னா.

"நான் தனியாத்தானே போனேன்," என்றான் அஸ்ஸு, கையில் ரொட்டிக் கூடையோடு. "உங்கூட இருக்கான்னுல்ல நினைச்சேன்."

ரீம் பாயில் உட்கார்ந்து ஆலிவ் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒற்றையாக.

கூடை கீழே விழுந்தது. "குட்டி! குட்டி!" என்று நஜாத் மரங்களுக்கு நடுவே ஓடினாள். ரக்கியா எதிர்ப்பக்கம் ஓடினாள். மோஹா நின்ற இடத்திலேயே நின்றான். அந்தக் கை. அந்தச் சின்னக் கை.

அந்தக் காட்டை அவனுக்குத் தெரியும். சுண்ணாம்புப் பாறை ஆங்காங்கே உள்வாங்கி ஆளுயரக் குழியாகியிருக்கும். பெரணி அதன் வாயை மூடியிருக்கும். பெரியவர்களே காலை வைத்துப் பார்த்து நடப்பார்கள். கீழே ஓடை வேறு. குழந்தை போட்டிருந்தது என்ன நிறம்? அவன் கண்ணை எடுத்துப் பார்த்திருந்தால்தானே தெரியும்? "பழுப்புச் சிவப்புக் கோட்டு," என்று யாம்னா அழுதாள். மோஹா காட்டைப் பார்த்தான். காடு முழுக்கப் பழுப்புச் சிவப்பு. இரண்டு நாளாக ஆகா ஓகோ என்று அவன் படம் பிடித்த நிறம் அத்தனையும் இப்போது அந்தக் கோட்டை ஒளித்துவைத்திருந்தது.

அப்போதுதான் கேமரா ஞாபகம் வந்தது. படங்களைப் பின்னோக்கித் தள்ளினான். குரங்கு, குரங்கு, கிளை, குரங்கு. பெரிதாக்கிப் பெரிதாக்கி ஓரங்களைப் பார்த்தான். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்த படத்தின் இடது மூலையில், கடுவனின் முதுகுக்குப் பின்னால், பெரணிக்கு நடுவே ஒரு பொட்டு. பெரணியின் நிறமேதான், ஆனால் பொத்தான் வைத்திருந்தது. அடுத்த படத்தில் பொட்டு மேலே நகர்ந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் ஒரு கன்னம் தெரிந்தது. அதன் பிறகு மூலையில் எதுவும் இல்லை. குழந்தை குரங்குகளின் பின்னால் போயிருக்கிறாள். கடைசிப் படத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது, பாதி ஓடைப் பக்கம், பாதி மேட்டுப் பக்கம்.

அஸ்ஸு கை எட்டும் தூரத்தில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. மோஹா கேமராவைத் தூக்கிப் பிடித்தான். வாயைத் திறந்தான். என்ன வந்தது தெரியுமா? "யாம்னா, குரங்கு பின்னால போயிருக்கா. அவனை ஓடைப் பக்கம் பார்க்கச் சொல்லு. நான் மேல போறேன்."

அந்த நேரத்திலும் அப்படித்தான் வந்தது. இரண்டரை வருடப் பழக்கம். யாம்னா அண்ணனைப் பார்த்த பார்வையை அவன் சாகும்வரை மறக்க மாட்டான். அஸ்ஸு தபாலுக்குக் காத்திருக்கவில்லை. ஓடைச் சரிவில் பாதி இறங்கியிருந்தான்.

மோஹா மேட்டில் ஏறினான். முக்காலி எங்கோ விழுந்தது, கேமரா மார்பில் இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் மண்டியிட்டுப் பெரணியை விலக்கிப் பார்த்தான். ஒன்றில் சேறு. ஒன்றில் ஒரு பிளாஸ்டிக் செருப்பு கிடந்தது, உயிரே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் பெரியவர் செருப்பு, பழசு. அதைக் கையில் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினான்.

"குட்டி!" என்று கத்தினான். அடுத்து "பாப்பா!" என்றான். அதெல்லாம் எல்லாக் குழந்தைக்கும் பொது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் குழந்தை திரும்பும் என்று அவனுக்குத் தெரியும். பெயர் வாய்க்கு வரவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் பிறந்து நாற்பத்தேழு வருடத்தில் அந்தப் பெயரை ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் மனிதனா? அலுவலகத்தில் தாயார் பெயர் என்ன என்று கேட்டால்கூடக் காகிதத்தை வாங்கி எழுதிக்கொடுப்பான்.

"இத்தோ!" என்றான்.

முதலில் முனகலாகத்தான் வந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினான். "இத்தோ! இத்தோ!" கத்தக் கத்தக் கண்ணில் நீர் வழிந்தது. தேவதாருக்களுக்கு நடுவே அம்மாவின் பெயர் அம்மணமாகப் போய் மோதித் திரும்பி வந்தது. பதில் இல்லை. கௌரவத்தை எல்லாம் உடைத்துச் சொன்ன பெயருக்குப் பதிலே இல்லை. குழிக்குள் விழுந்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டான்.

அப்போது கீழே ஓடைப் பக்கமிருந்து தம்பியின் குரல் கேட்டது. "அம்மா! அம்மா!"

மோஹா நின்றான். குழந்தை கிடைக்காத துக்கத்தில் செத்துப்போன தாயைக் கூப்பிட்டு அழுகிறானே என்று நெஞ்சு பதறிற்று. ஆனால் குரல் தொடர்ந்தது. "அம்மா, அப்பா இங்கதான் இருக்கேன். எங்க இருக்கேன்னு ஒரு சத்தம் குடுடா கண்ணு. அம்மா!"

மோஹா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் புரிந்தது. இவனும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கத்தியைப் பிடித்த அன்று ஒரு தடவை சொன்னதோடு சரி. இரண்டரை வருடமாகத் தன் மகளை அம்மா என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறான். அந்தக் குழந்தைக்குத் தன் பெயர் இத்தோ என்பதே தெரிந்திருக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேட்டைப் பார்த்து, தம்பி கூப்பிட்ட மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டான். "அம்மா! எங்கம்மா இருக்க?"

பத்தடிக்கு அப்பால் பெரணிக்குள்ளிருந்து கோபமாக ஒரு சத்தம் வந்தது. "உஷ்!"

செடிகளை விலக்கினான். ஒரு விழுந்த மரத்தின் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். விரல் உதட்டில் இருந்தது. கோட்டு முழுக்க முள்ளும் இலையும். அவளுக்கு எதிரே, ஆளுக்கும் குரங்குக்கும் நடுவில் ஒரு கோணிப்பை அகலம்தான் இருக்கும், ஒரு பெண் குரங்கு ஓக் கொட்டையை உடைத்துத் தன் குட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மோஹாவைக் கண்டதும் குட்டியை இடுக்கிக்கொண்டு மரமேறியது.

"போச்சு," என்றாள் குழந்தை, அவனைக் குற்றவாளி போலப் பார்த்து. "சத்தம் போட்டா ஓடிடும்."

மோஹா அப்படியே சருகில் உட்கார்ந்தான். அவன் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் அவள் கேட்டிருக்கிறாள். காடே கத்தியிருக்கிறது, அவள் மூச்சுக் காட்டவில்லை. அவளை இழுத்து மடியில் வைத்து, கை கால் தலை எல்லாம் தடவிப் பார்த்தான். கன்னத்தில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. இரண்டரை வருடமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் எங்கே போயிற்று என்றும் தெரியவில்லை.

அவள் அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். இரண்டு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் இப்போதுதான் அந்த முகத்தை முழுசாகப் பார்க்கிறாள்.

"நீ யாரு?" என்றாள்.

கன்னத்தில் அறை விழுந்தது போல இருந்தது அவனுக்கு. "பெரியப்பா," என்றான். "உன் பெரியப்பா."

"டேய், இங்க! கிடைச்சுட்டா! நல்லா இருக்கா, ஒண்ணும் இல்ல!" என்று கீழே பார்த்துக் கத்தினான். நடுவில் யாம்னா இல்லை என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

அஸ்ஸு சரிவில் விழுந்து எழுந்து வந்தான். இடுப்பு வரை நனைந்திருந்தான். மகளைப் பார்த்தான், அண்ணன் மடியைப் பார்த்தான், எதிரே தொப்பென்று உட்கார்ந்தான். குழந்தையின் ஒரு காலை மட்டும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதான். அழட்டும் என்று மோஹா விட்டான். பிறகு, "அம்மான்னா கூப்பிடுற?" என்று கேட்டான்.

"வேற எப்படிக் கூப்பிடறது? நாக்கு வரணுமேண்ணே."

"நாக்கு வராத பேரை அப்புறம் எதுக்குடா பிடுங்கினே? நான் கேட்டிருந்தேனே."

அஸ்ஸு மூக்கை உறிஞ்சினான். "கடைசி ஆறு மாசம் அம்மா எங்கூடத்தானே இருந்தாங்க. நான்தானே வாயில ஊட்டினேன். போன பிறகு வீட்டுல கூப்பிடறதுக்கு ஆளே இல்லண்ணே. காலைல எந்திரிச்சா அம்மான்னு வாய் வரும், யாரும் இருக்க மாட்டாங்க. அதான். தப்புதான். உங்ககிட்டக் கேட்டிருக்கணும். கேட்டா நீங்க குடுத்திருவீங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடும்னு கேட்கல."

கேட்டிருந்தால் மோஹா கொடுத்திருப்பானா? கொடுத்திருக்க மாட்டான். இரண்டு பேருக்கும் அது தெரியும். தம்பி பெரிய மனது பண்ணி அப்படிச் சொல்கிறான். "சரி விடு," என்றான். "நானும்தான் கிளாஸை வச்சுட்டு எந்திரிச்சுப் போனேன். கறிகூடச் சாப்பிடல அன்னைக்கு. நல்ல ஆடு."

"நல்ல ஆடுதான். எட்டு நாள் சாப்பிட்டோம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். குழந்தை, "சத்தம்," என்று எச்சரித்தாள்.

எழுந்து நடக்கும்போது அஸ்ஸு கையை நீட்டினான். மோஹா குழந்தையைத் தரவில்லை. "உன் சட்டை ஈரம், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்," என்று தோளில் போட்டுக்கொண்டான். கேமராவைக் கழற்றித் தம்பி கழுத்தில் மாட்டிவிட்டான்.

பாய்க்கு வந்து சேர்ந்ததும் நஜாத் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு முத்தத்திலும் திட்டிலும் மாறி மாறி முக்கினாள். ரக்கியா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். மோஹா நஜாத்தின் முன்னால் நின்று, "எங்கிட்டத்தான் முதல்ல வந்தா. நான்தான் திரும்பிப் பார்க்காமப் போன்னு விரட்டினேன்," என்று சொல்லிவிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நஜாத் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். "இப்பத் திரும்பிப் பார்த்தீங்கல்ல, போதும்," என்றாள். அதில் கொஞ்சம் காரமும் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

யாம்னா கறுத்துப் போன டீயைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டாள். மோஹா, "டேய், அந்தச் சக்கரையை இங்க தள்ளு," என்றான். அஸ்ஸு தள்ளினான். யாம்னா கெட்டிலைக் கையில் பிடித்தபடி இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அப்ப என் வேலை போச்சா?" என்றாள். "இத்தனை வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல மாட்டீங்களா?" சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

டீ குடித்தார்கள். நஜாத் கொஞ்சம் கை தளர்ந்ததும் குழந்தை அம்மா மடியிலிருந்து இறங்கி, ரவை ரொட்டித் துண்டோடு மோஹாவிடம் வந்து உட்கார்ந்தாள். ரீம் இன்னொரு தொடையில் ஏறினாள். மோஹா தம்பியிடம் கேட்டான், "அங்க இவளைப் பேர் சொல்லித்தானே கூப்பிடுவாங்க?"

"ஆமாண்ணே. ஜனவரிலயே பிள்ளைப் பள்ளிக்கூடத்துல இடம் போட்டாச்சு."

"ஆஜர் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்களாம். தினம் காலைல ஒண்ணொண்ணா வாசிப்பாங்களாம்."

மோஹா இருபத்திரண்டு வருடமாக ஆஜர் எடுக்கிறவன். எத்தனையோ ஆயிரம் பெயர் வாசித்திருப்பான். அவன் அம்மா பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைத்ததில்லை. மத்தியான ரொட்டியைக் கொண்டுவந்து மதிலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே வா என்று காவல்காரர் கூப்பிட்டாலும் வர மாட்டாள், இது எனக்கான இடம் இல்லை என்பாள். ஜனவரியிலிருந்து, பனி கொட்டுகிற ஒரு ஊரில், முன்பின் தெரியாத ஒரு டீச்சர் தினமும் அவள் பெயரை வாசித்துவிட்டு, அவள் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கப் போகிறாள்.

"வாசிச்சதும் வாய்க்குள்ள முனகக் கூடாது," என்றான் மோஹா. "கையைத் தூக்கி, நல்லா உரக்கச் சொல்லணும். சொல்லிக் குடுத்தியா அவளுக்கு?"

அஸ்ஸு இல்லை என்று தலையை ஆட்டினான்.

மோஹா குழந்தையைத் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்தான். "இங்க பாரு. நான் இப்ப டீச்சர். நான் இத்தோன்னு சொல்லுவேன். நீ கையைத் தூக்கி, இருக்கேன்னு சொல்லணும். சரியா?"

அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

"இத்தோ," என்றான் மோஹா.

வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு, அவள் கையைத் தூக்கினாள். "இருக்கேன்," என்றாள்.